முதுகுப்பைப் பயணத்தின் வரலாறு: ஒரு வகுப்பறை இரவு முதல் திறன்பேசி வரை

முன்னுரை

முதுகில் ஒரு பை, கையில் அளவான பணம், இரவில் தலை சாய்க்க மலிவான ஓர் இடம். இவற்றை நம்பி இளைஞர்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஊர் ஊராகச் செல்லும் பயணமுறை 'முதுகுப்பைப் பயணம்' எனப்படுகிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துப் 'பேக்பேக்கிங்' என்றும் வழங்குகின்றனர். இன்றைய மாணவர்களுக்கு இது யூடியூப் காணொளிகள் வழியாகவும் செயலிகள் வழியாகவும் அறிமுகமாகிறது. அதனால் இதை அண்மையில் தோன்றிய வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

ஆஸ்திரேலியச் சுற்றுலா ஆய்வாளர் ஃபிலிப் பியர்ஸ், 1990 ஆம் ஆண்டில் முதுகுப்பைப் பயணிகளின் இயல்புகளை ஐந்தாக வகுத்துக் காட்டினார்.

1. மலிவான தங்குமிடத்தை விரும்புதல்
2. உள்ளூர் மக்களையும் பிற பயணிகளையும் சந்திப்பதில் நாட்டம்
3. பயணத்தைத் தாமே திட்டமிட்டு, வேண்டியபோது மாற்றிக்கொள்ளுதல்
4. குறுகிய விடுமுறையைவிட நீண்ட பயணத்தை நாடுதல்
5. முறைசாராத, தாமே பங்கேற்கும் பொழுதுபோக்குகளில் ஈடுபடுதல்

இந்த ஐந்தில் 'பை' இடம்பெறவில்லை. பை வெறும் அடையாளம். தங்குமிடமும் மனிதர்களுமே முதலில் வருகின்றன. கட்டில், பை, பயணச்சீட்டு, வழிகாட்டி நூல், இணையம் என ஒவ்வொன்றாக வந்து இப்பயணத்தை எளிதாக்கிய கதையை இக்கட்டுரை சொல்கிறது. அவை ஒவ்வொன்றும் பயணிக்கும் ஊராருக்கும் இடையே இருந்த உறவை எப்படி மாற்றின என்பதையும் உடன் பார்ப்போம்.

முன்னோடிகள்

செலவில்லாமல் நெடுந்தூரம் செல்லும் வழக்கம் பழங்காலத்திலேயே இருந்தது. தமிழ்நாட்டில் வழிப்போக்கர்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் சத்திரங்கள் இருந்தன. ஐரோப்பாவில் யாத்திரிகர் மடங்கள் இருந்தன. ஜெர்மனியில் தச்சு, கொத்து வேலை போன்ற தொழில்களைக் கற்று முடித்த இளைஞர்கள் சொந்த ஊரைவிட்டுக் கிளம்பி, மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சென்று வேலை செய்து அனுபவம் பெறும் மரபு இருந்தது. அது சிறிய அளவில் இன்றும் தொடர்கிறது.

ஆனால் இவர்கள் எல்லோரும் ஒரு வேலைக்காகவோ வழிபாட்டுக்காகவோ சென்றவர்கள். ஊர் பார்ப்பதற்கென்றே செல்வது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் உரிமையாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது மாறத் தொடங்கியது. பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸ் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் சேர்ந்து காடு மலைகளில் நடைப்பயணம் செய்யத் தொடங்கினர். 1901 இல் அது 'வாண்டர்ஃபோகல்' என்ற அமைப்பாக உருப்பெற்றது. 'அலையும் பறவை' என்பது அதன் பொருள். தோளில் பையும் கையில் கிதாருமாக நடந்து, கிடைத்த இடத்தில் சமைத்து, வைக்கோல் போரில் படுத்துறங்கினார்கள். எனினும் இவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வகுப்புப் பிள்ளைகள். ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தப் பறவைக் கூட்டத்தில் இடம் அரிதாகவே கிடைத்தது.

ஒரு மழை இரவு

ரிச்சர்ட் ஷிர்மான் 1874 இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்தபின் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரி நகரமான கெல்சன்கிர்ஹெனுக்கு வந்தார். 1903 முதல் ஆல்டெனா என்ற ஊரில் பணியாற்றினார். ஆல்டெனா கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. புகையிலும் இரைச்சலிலும் வளரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு, மரம், பாறை, பறவை ஆகியவற்றை நேரில் காட்ட வேண்டும் என்பது அவரது உறுதி. வகுப்பறைச் சுவருக்குள் இயற்கையைப் போதிக்க முடியாது என்று கருதி, மாணவர்களை அடிக்கடி நடைப்பயணம் அழைத்துச் சென்றார்.

ஒரு நாள் நடைக்குச் சிக்கலில்லை. பல நாள் நடை என்றால் இரவு எங்கே தங்குவது என்ற கேள்வி எழும். சத்திரக் கட்டணம் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற எந்த ஆசிரியருக்கும் இந்தக் கவலை புரியும். நான் பணியில் இருந்தபோது, வெளியூர்ப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி, ஜமக்காளம் விரித்து மாணவர்களைப் படுக்கவைத்துவிட்டு, ஆசிரியர்கள் முறைவைத்து விழித்திருந்த இரவுகள் உண்டு.

1909 ஆகஸ்டு 26 அன்று ஷிர்மான் மாணவர்களுடன் ஆஹென் நகரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பிரோல் பள்ளத்தாக்கில் கடும் இடிமழை பிடித்துக்கொண்டது. அங்கிருந்த சிறு பள்ளி ஒன்றில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து விவசாயியிடமிருந்து படுக்க வைக்கோலும் குடிக்கப் பாலும் கிடைத்தன. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஷிர்மான் தூங்கவில்லை. விடுமுறைக் காலத்தில் நாடெங்கும் பள்ளிக் கட்டடங்கள் காலியாகக் கிடக்கின்றனவே, ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக அவற்றை இளைஞர்களின் தங்குமிடமாக ஆக்கினால் என்ன என்ற எண்ணம் அந்த இரவில் அவருக்கு உதித்தது.

மாணவர்களுக்கான மலிவு விடுதிகள் அதற்கு முன்பே சில மலைப்பகுதிகளில் இருந்தன. ஆனால் அவை உயர்கல்வி மாணவர்களை எண்ணி அமைக்கப்பட்டவை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்க வேண்டும் என்பதே ஷிர்மானின் புதுமை. 1910 இல் ஒரு நாளிதழில் இத்திட்டத்தைக் கட்டுரையாக எழுதினார். ஆண்களுக்கு ஒரு வகுப்பறை, பெண்களுக்கு ஒரு வகுப்பறை. வைக்கோல் திணித்த மெத்தை, தலையணை, போர்வை. எழுந்ததும் அவரவர் படுக்கையை அவரவரே சரிசெய்ய வேண்டும். திட்டம் இவ்வளவுதான். தாம் பணியாற்றிய பள்ளியிலேயே முதலில் செய்து காட்டினார்.

ஆல்டெனாக் கோட்டை

ஆல்டெனாவில் மலைமேல் பழமையான கோட்டை ஒன்று புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1912 இல் அக்கோட்டையில் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி உருவானது. கனமான மரத்தால் செய்த மூன்றடுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. ஷிர்மானே விடுதிக் காப்பாளராகவும் இருந்தார். அந்த முதல் விடுதியின் அறைகள் இன்றும் அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகின்றன. இன்று உலகெங்கும் பயணியர் விடுதிகளில் காணப்படும் அடுக்குக் கட்டில்களுக்கு முன்னோடிகள் இக்கட்டில்களே.

முதல் உலகப் போர் குறுக்கிட்டது. ஷிர்மான் படைவீரராகப் போர்முனைக்குச் சென்றார். 1915 கிறிஸ்துமஸ் நாளில் வோஸ்ஜ் மலைப்பகுதியில் ஜெர்மானிய, பிரெஞ்சு வீரர்கள் தாமாகவே சண்டையை நிறுத்தினர். பதுங்குகுழிகளைவிட்டு வெளியே வந்து ரொட்டி, மது, சிகரெட் முதலியவற்றைப் பரிமாறிக்கொண்டனர். அதைக் கண்ட ஷிர்மான், எல்லா நாட்டு இளைஞர்களும் சந்தித்துப் பழக இடங்கள் இருந்தால் போர் மூளுமா என்று சிந்தித்தார். அதுவரை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான திட்டமாக இருந்த விடுதி, அவர் மனத்தில் பன்னாட்டுத் திட்டமாக விரிந்தது.

1919 இல் ஜெர்மன் இளைஞர் விடுதிச் சங்கம் தொடங்கப்பட்டது. நிர்வாகப் பொறுப்பை அவரது நண்பர் வில்ஹெல்ம் மியூன்கர் ஏற்றார். 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட விடுதிகள் இயங்கின. இங்கிலாந்தில் 1930 இல் சங்கம் தொடங்கியது. ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். 1932 இல் ஆம்ஸ்டர்டாமில் 11 நாடுகளின் சங்கங்கள் கூடிப் பன்னாட்டுக் கூட்டமைப்பை உருவாக்கின. ஷிர்மான் அதன் தலைவரானார். அமெரிக்காவில் 1934 இல் முதல் விடுதியைத் தொடங்கிய மன்றோ ஸ்மித், இசபெல் ஸ்மித் தம்பதியரும் ஆசிரியர்களே. இந்தியாவில் இவ்வியக்கம் 1940களில் வேரூன்றியது. இந்திய இளைஞர் விடுதிச் சங்கம் நடத்தும் இமயமலை நடைப்பயணங்களில் தமிழ்நாட்டு மாணவர்களும் கலந்துகொள்வதுண்டு.

பறிக்கப்பட்ட விடுதிகள்

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மானிய விடுதிகள் ஹிட்லர் இளைஞர் படையின் கட்டுப்பாட்டுக்குப் போயின. யூதப் பிள்ளைகளுக்குக் கதவு அடைக்கப்பட்டது. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் பழக வேண்டும் என்று கட்டப்பட்ட அறைகள், ஒரே சீருடை அணிந்த பிள்ளைகளைப் போருக்குப் பழக்கும் இடங்களாயின. 1936 இல் அரசின் வற்புறுத்தலால் ஷிர்மான் பன்னாட்டுத் தலைவர் பதவியைத் துறக்க நேர்ந்தது. போருக்குப் பின் விடுதிகளை மீண்டும் எழுப்புவதில் பங்கேற்ற அவர் 1961 இல் காலமானார்.

இந்த வரலாற்றை மாணவர்கள் மறக்கக் கூடாது. ஒரே கட்டடம், ஒரே கட்டில், ஒரே நடைப்பயணம். அவற்றைக் கொண்டு நட்பையும் வளர்க்கலாம், வெறுப்பையும் வளர்க்கலாம். கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

பையின் கதை

இனி பைக்கு வருவோம். பழைய துணிப் பைகளின் முழுப் பாரமும் தோள்மீது இறங்கும். நெடுந்தூரம் நடந்தால் தோளும் முதுகும் வலியெடுக்கும். 1920களில் அமெரிக்கர் லாயிட் நெல்சன் மரச்சட்டத்தில் கட்டிய பையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அலாஸ்காவில் பழங்குடி மக்களிடம் கண்ட பையே அதற்கு மூலம்.

பெரிய மாற்றம் 1952 இல் வந்தது. கலிஃபோர்னியாவில் டிக் கெல்ட்டி என்பவர் தம் வீட்டுக் கார் கொட்டகையில் அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தார். அவர் மனைவி நீனா நைலான் துணியில் பையைத் தைத்தார். முதல் ஆண்டில் விற்றவை 29 பைகள். ஒன்றின் விலை 24 டாலர். இப்பையின் முக்கியமான பகுதி இடுப்புப் பட்டை. பாரத்தின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. இடுப்பெலும்பும் கால்களும் உடலின் வலிமையான பகுதிகள் என்பதால் அதே எடை இலகுவாகத் தோன்றும். இடுப்பில் குடம் வைத்து நீர் சுமந்த நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த அறிவியல் முன்பே கைவந்திருந்தது. 1960களின் இறுதியில் சட்டம் பைக்கு உள்ளே சென்றது. பேருந்திலும் ரயிலிலும் ஏற்றுவதற்கு வசதியான இன்றைய வடிவம் அவ்வாறு பிறந்தது.

சிக்கனச் சீட்டுகள்

படுக்கையும் பையும் கிடைத்தபின் அடுத்த தேவை மலிவான பயணச்சீட்டு. 1959 இல் ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களுக்காக 'யூரெயில்' சீட்டு வந்தது. 1972 இல் ஐரோப்பிய இளைஞர்களுக்காக 'இன்டர்ரெயில்' வந்தது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரே சீட்டில் ஒரு மாதம் 21 நாடுகளில் ரயிலில் செல்லலாம். இரவு ரயிலில் ஏறினால் விடுதிச் செலவும் மிச்சம். பிற்காலத்தில் வயது வரம்பு நீங்கியது. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 18 வயது இளைஞர்களில் பலரைத் தெரிவு செய்து இலவச ரயில் சீட்டு வழங்கி வருகிறது. இளைஞர்கள் அண்டை நாடுகளைக் காண்பது பொதுநலன் என்று கருதி அரசுகளே செலவு செய்கின்றன என்பது இதன் பொருள்.

விமானத்திலும் மாற்றம் வந்தது. 1977 செப்டம்பர் 26 அன்று ஃப்ரெட்டி லேக்கர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டில் 'ஸ்கைட்ரெயின்' விமானத்தைத் தொடங்கினார். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும், உணவுக்குத் தனிக் கட்டணம். 1982 இல் அந்நிறுவனம் நொடித்துப் போனாலும் அதன் வழிமுறை நிலைத்தது. 2001 இல் டோனி ஃபெர்னாண்டஸ் கடனில் மூழ்கியிருந்த ஏர்ஏசியா நிறுவனத்தை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி, தென்கிழக்கு ஆசியாவில் சிக்கன விமானப் பயணத்தைப் பரப்பினார். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் செல்லும் தமிழர்கள் இம்மாற்றத்தை நேரில் அறிவார்கள்.

இஸ்தான்புல் முதல் காத்மாண்டு வரை

முதுகுப்பைப் பயணம் உலகப் பண்பாடாக மாறியது 1960களிலும் 1970களிலும்தான். அதற்குக் களமாக அமைந்தது ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்த தரைவழிப் பாதை. இஸ்தான்புல், தெஹ்ரான், மஷ்ஹத், ஹெராத், காந்தகார், காபூல், கைபர் கணவாய், பெஷாவர், லாகூர், டெல்லி, காத்மாண்டு என்று அப்பாதை நீண்டது. 'ஹிப்பி பாதை' என்ற பெயரும் அதற்கு உண்டு. 1957 இல் 'இந்தியாமேன்' என்ற பேருந்து லண்டனிலிருந்து கல்கத்தா வரை வந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு.

அக்காலத் தகவல் தொழில்நுட்பம் ஓர் அறிவிப்புப் பலகை. இஸ்தான்புல்லில் 'புட்டிங் ஷாப்' என்று பயணிகள் அழைத்த உணவகத்தின் சுவரில் அது இருந்தது. 'காபூல் வரை வண்டியில் இரண்டு இடம் உள்ளது', 'நண்பா, நான் முன்னே போகிறேன்' என்ற வகையில் சீட்டுகள் அதில் குத்தப்பட்டிருக்கும். எந்த எல்லையில் தொல்லை, எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி என்பதெல்லாம் எதிர்த்திசையில் திரும்பி வருபவரின் வாய்மொழியாகவே தெரியவரும். வழி கேட்காமல் ஒரு நாளும் கழியாது.

அந்த வாய்மொழி அச்சில் ஏறியது அடுத்த கட்டம். 1957 இல் ஆர்தர் ஃப்ராமர், ஒரு நாளைக்கு 5 டாலரில் ஐரோப்பாவைச் சுற்றும் வழியைச் சொல்லும் நூலை வெளியிட்டிருந்தார். 1972 இல் டோனி வீலர், மோரீன் வீலர் என்ற இளம் தம்பதியர் லண்டனிலிருந்து பழைய கார் ஒன்றில் கிளம்பினர். காபூலில் காரை விற்றுவிட்டுக் கிடைத்த வாகனங்களில் பயணம் செய்து சிட்னியை அடைந்தபோது கையில் இருந்தது 27 சென்ட். எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்து, 1973 இல் தாங்களே தட்டச்சு செய்து ஒரு சிறு நூலை வெளியிட்டனர். 1,500 படிகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. 'லோன்லி பிளானட்' பதிப்பகம் அவ்வாறு பிறந்தது. 1981 இல் வந்த அவர்களது இந்திய வழிகாட்டி பெரும் வெற்றி பெற்றது.

1979 இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் தரைவழிப் பாதையை மூடிவிட்டன. பயணிகள் தென்கிழக்கு ஆசியாவுக்குத் திரும்பினர். 1982 இல் பாங்காக் நகரின் 200 ஆம் ஆண்டு விழாவுக்கு வந்தவர்களுக்கு அறை போதாமல் போனபோது, அரிசி வணிகத் தெருவாக இருந்த காவ்சான் தெருவில் வீட்டுக்காரர்கள் அறைகளை வாடகைக்கு விட்டனர். பிறகு அத்தெரு உலகப் பயணிகளின் முகவரியானது. மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெரு, இலங்கையின் அறுகம் குடா போன்றவையும் சிறிய அளவில் இத்தகைய பயணியர் இடங்களாக மாறின. வழிகாட்டி நூல் ஒரு விடுதியைப் பாராட்டினால் அந்த விடுதி நிரம்பும். பக்கத்து விடுதி காலியாகக் கிடக்கும். வழி கேட்கும் வேலை பாதியாகக் குறைந்தது. எல்லோரும் ஒரே வழியில் நடக்கத் தொடங்கினர்.

நீலக் கடிதத்திலிருந்து பிரவுசிங் சென்டர் வரை

1990களின் நடுப்பகுதி வரை பயணி வீட்டோடு தொடர்புகொள்ளும் முதன்மை வழி அஞ்சல். 'போஸ்ட் ரெஸ்டான்ட்' என்ற ஏற்பாட்டின்படி, போகப்போகும் ஊரின் தலைமை அஞ்சலகத்துக்குப் பெயர் எழுதிக் கடிதம் அனுப்பினால் அங்கே எடுத்து வைப்பார்கள். பயணி கடவுச்சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் மகனின் குரலைக் கேட்காத தாய், நீல நிற வான்கடிதம் ஒன்றுக்காகக் காத்திருப்பாள். பணம் பயணக் காசோலையாக இருக்கும். அதை மாற்ற வங்கி திறக்கும் வரை பயணி வாசலில் நிற்பார்.

1994 இல் லண்டனில் 'சைபீரியா' என்ற இணையக் கடை தொடங்கியது. 1996 இல் இந்தியாவில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 'ஹாட்மெயில்' சேவையைத் தொடங்கினர். எந்த ஊரில் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அஞ்சலைப் படிக்கலாம் என்ற வசதி, சொந்தக் கணினி இல்லாத பயணிக்கு வரமாக அமைந்தது. நம் ஊரில் 'பிரவுசிங் சென்டர்' என்று பெயர் பெற்ற கடைகள் சுற்றுலாத் தலங்களிலெல்லாம் முளைத்தன. ஏ.டி.எம். அட்டை, காசோலையின் இடத்தைப் பிடித்தது. 1999 இல் அயர்லாந்தில் தொடங்கிய 'ஹாஸ்டல்வேர்ல்டு' தளம், ஆயிரம் மைல் தொலைவிலிருந்தே ஒரு கட்டிலை முன்பதிவு செய்யும் வழியைத் திறந்தது.

அந்நியர் வீட்டுச் சோபா

இணையம் கடைகளை மட்டும் இணைக்கவில்லை, வீடுகளையும் இணைத்தது. இதற்கும் பழைய முன்னோடி உண்டு. 1949 இல் டென்மார்க்கில் அமெரிக்கர் பாப் லூயிட்வைலரும் நண்பர்களும் 'செர்வாஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். பயணி கட்டணமின்றி ஒரு குடும்பத்தோடு இரண்டு இரவுகள் தங்கலாம். உலக அமைதிக்கு இத்தகைய பழக்கம் உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஷிர்மானின் எண்ணமே வேறு வடிவில் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

கேசி ஃபென்டன் என்ற அமெரிக்க இளைஞர் ஐஸ்லாந்து செல்ல மலிவான விமானச் சீட்டு கிடைத்தபோது, தங்க இடம் கேட்டு அந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 1,500 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பலர் வரச் சொன்னார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'கவுச்சர்ஃபிங்' தளம் 2004 இல் தொடங்கியது. பணம் கைமாறாது; தங்கியவரும் தங்கவைத்தவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் குறிப்பே நம்பிக்கைக்கு ஆதாரம். 2006 இல் தளத்தின் தரவுகள் பெருமளவு அழிந்து, எல்லாம் முடிந்தது என்று அறிவிக்கப்பட்டபோது, தன்னார்வலர்கள் கூடி மீண்டும் கட்டி எழுப்பினர். 2011 இல் அது இலாப நோக்குள்ள நிறுவனமாக மாறியது. 2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில், பல நாடுகளின் உறுப்பினர்கள் கட்டணம் செலுத்தினால்தான் உள்ளே நுழைய முடியும் என்ற நிலை வந்தது. தன்னார்வலர்கள் கட்டிய வீட்டுக்கு அவர்களிடமே வாடகை கேட்டதுபோல் ஆயிற்று. 'பிவெல்கம்' போன்ற தன்னார்வத் தளங்கள் பழைய வழியில் இன்றும் தொடர்கின்றன.

நம்பிக்கைக்கு எல்லையும் உண்டு. அந்நியர் வீட்டில் தங்குவதில், குறிப்பாகப் பெண்களுக்கு, ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. குறிப்புகளைப் படிப்பது, தங்கும் முகவரியை வீட்டாருக்குத் தெரிவிப்பது, மனம் ஒப்பாவிட்டால் உடனே வெளியேறுவதற்கு மாற்று இடமும் பணமும் வைத்திருப்பது ஆகியவை இன்றியமையாதவை.

எல்லாம் ஒரே கருவியில்

2005 இல் கூகுள் வரைபடம் வந்தது. 2007 இல் ஐபோன் வந்தது. பத்தாண்டுகளுக்குள் வழிகாட்டி நூல், வரைபடம், அகராதி, கேமரா, பயணச்சீட்டு, பணப்பை, கடிதம் எல்லாம் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றில் அடங்கின. கேமராவைப் பெயர்ப்பலகையின் முன் நீட்டினால் வேற்று மொழி நம் மொழியாகத் தெரிகிறது. இணையம் இல்லாத இடத்துக்கும் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளலாம். தனியாகச் செல்லும் இளம்பெண் தான் இருக்கும் இடத்தைத் தாய்க்கு நொடிக்கு நொடி காட்டலாம். நீலக் கடிதத்துக்குக் காத்திருந்த தாய்மார்கள் இதன் அருமையை அறிவார்கள். இதைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று.

ஆனால் வரிசையாக எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். வழிகாட்டி நூல் வந்ததும் சக பயணியைக் கேட்பது குறைந்தது. வரைபடச் செயலி வந்ததும் தேநீர்க் கடைக்காரரை வழி கேட்பது நின்றது. முன்பதிவு வந்ததும் விடுதிக்காரரிடம் பேசி விலை குறைப்பது போயிற்று. விடுதிகளின் பொது அறையில் பத்துப் பேர் அமர்ந்து பத்துத் திரைகளைப் பார்க்கும் காட்சி சாதாரணமாகிவிட்டது. பியர்ஸ் சொன்ன ஐந்து இயல்புகளில் மனிதர்களைச் சந்திக்கும் நாட்டத்துக்குத்தான் இதனால் இழப்பு அதிகம். அதை ஈடுகட்டச் சில விடுதிகள் இரவு உணவைச் சேர்ந்து சமைக்கும் ஏற்பாட்டையும், ஊரைச் சுற்றிக்காட்டும் நடையையும் நடத்துகின்றன.

யார் பயணி, யார் ஊரார்?

இந்த வரலாற்றில் நீண்ட காலம் ஆசியர்கள் விருந்தோம்புபவர்களாகவே இருந்தனர், பயணிகளாக இருந்ததில்லை. லண்டன் மாணவர் காத்மாண்டு வரை வர முடிந்தது. மதுரை மாணவர் அதே பாதையில் லண்டன் போக முடியவில்லை. பணம் ஒரு தடை. விசா அதைவிடப் பெரிய தடை. வெளிநாட்டவருக்கு மட்டும் அறை கொடுத்து இந்தியரைத் திருப்பியனுப்பிய விடுதிகள் இந்தியாவிலேயே இருந்தன.

நிலைமை மெல்ல மாறுகிறது. 2002 இல் ரயில் சீட்டை இணையத்தில் வாங்கும் வசதி இந்தியாவில் வந்தது. 2013 இல் 'சோஸ்டல்' போன்ற இந்திய முதுகுப்பை விடுதிகள் தோன்றின. இன்று அவற்றின் அடுக்குக் கட்டில்களில் படுப்பவர்களில் பெரும்பாலோர் இந்திய இளைஞர்கள். இரவு ரயிலில் படுக்கை வகுப்புச் சீட்டு, விடுதியில் ஒரு கட்டில், தெருவோரத்தில் இட்லி என்று ஒரு மாணவர் தம் சேமிப்பிலேயே இந்தியாவைச் சுற்ற முடிகிறது. நேபாளத்துக்கு விசாவும் வேண்டியதில்லை.

முடிவுரை

முதுகுப்பைப் பயணத்தை மலிவாக்கியவை கருவிகள் மட்டும் அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் ஒரு கதவைத் திறந்தார். பிரோல் பள்ளத்தாக்கில் வகுப்பறையைத் திறந்தவர், வைக்கோல் கொடுத்த விவசாயி, ஐஸ்லாந்தில் அந்நியனை வரச் சொன்ன மாணவர்கள் ஆகியோர் இல்லாமல் இந்த வரலாறு நகர்ந்திருக்காது. கருவி வழியைக் காட்டும்; கதவை மனிதர்தான் திறக்க வேண்டும்.

எனவே பயணம் கிளம்பும் மாணவர்களுக்கு இந்தப் பழைய ஆசிரியர் சொல்வது ஒன்றுதான். திறன்பேசியை எடுத்துச் செல்லுங்கள், வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் நாளுக்கு ஒரு முறையாவது, தெரிந்த வழியாக இருந்தாலும், ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேளுங்கள்.

பள்ளிகளை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஷிர்மான் கண்ட காட்சி இன்றும் மாறவில்லை. மே மாதத்தில் கீழடிக்கு அருகிலும் தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் பள்ளிக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அவ்வூர்களை ஒருமுறையும் பார்க்காத பிள்ளைகள் பக்கத்து மாவட்டத்தில் விடுமுறையைக் கழிக்கிறார்கள். ஆண்களுக்கு ஒரு வகுப்பறை, பெண்களுக்கு ஒரு வகுப்பறை, காவலுக்கு இரண்டு ஆசிரியர்கள், சில ஜமக்காளங்கள். 1910 இல் அவர் எழுதிய திட்டத்துக்கு இதைவிட அதிகமாக எதுவும் தேவைப்படவில்லை.